இடர்: 'ஹஸார்டு' என்பதற்கு நம்மிடம் உள்ள சொல்

ஆலைக்குள் 'ஹஸார்டு', 'ரிஸ்க்' என்ற இரண்டும் நாள் முழுக்கக் காதில் விழும். அறிவிப்புப் பலகையைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் இரண்டுமே 'ஆபத்து' ஆகிவிடும். அது சின்னக் குழப்பம் இல்லை.

கந்தக அமிலம் நிறைந்த டிரம் ஒன்று. தோலைப் பொசுக்கும் அதன் தன்மைதான் ஹஸார்டு. பூட்டிய ஸ்டோரில் இருந்தாலும், ஃபோர்க்லிஃப்ட் ஓடும் வழியில் நின்றாலும் அந்தத் தன்மை மாறாது. ஒருவர் மேல் அது படுவதற்கான வாய்ப்பும், பட்டால் எவ்வளவு கெடுதி என்பதும் சேர்ந்ததே ரிஸ்க். டிரம்மை வைக்கும் இடத்தைப் பொறுத்து இது கூடும், குறையும்.

ஹஸார்டு ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அங்கே அது ஒரு பகடை ஆட்டம். பகடையைக் குறிக்கும் 'அஸ்-ஸஹ்ர்' என்ற அரபுச் சொல்தான் மூலம் என்பார்கள். அதில் கருத்து வேறுபாடும் உண்டு. 'ஆபத்து' வடமொழி 'ஆபத்'.

நான் எழுதுவது 'இடர்'. 'பேரிடர் மேலாண்மை' என்று அரசே வழங்குவதால் யாருக்கும் புதிதில்லை. சிலர் ரிஸ்க்கையே இடர் என்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. இலங்கைத் தமிழில் ரிஸ்க் 'இடர்நேர்வு'. இடர் வேறு, அது நேர்வது வேறு என்று அந்தச் சொல்லே பிரித்துக் காட்டுகிறது. நாமும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தச் சொல்லோடு சேர்ந்தே வரும் வினை 'களை'. பாய்லர் ஆலையும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளும் நிறைந்த திருச்சி துவாக்குடிக்குப் பக்கத்தில்தான் திருநெடுங்களம். அத்தலத்து இறைவனைச் சம்பந்தர் 'இடர் களையாய்' என்று திரும்பத் திரும்ப வேண்டுகிறார். 'இடர் களையும் பதிகம்' என்றே அதற்குப் பெயர். பணியிடப் பாதுகாப்புக்காக 2018இல் வந்த ஐஎஸ்ஓ 45001 தரநிலை, இடரைக் கட்டுப்படுத்தும் வழிகளை வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையிலும் முதல் படி இடரைக் களைவதுதான். ஹெல்மெட், கையுறை எல்லாம் கடைசிப் படி. நடப்பிலோ முதலில் வாங்குவது அவற்றைத்தான்.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் 12 அடி உயரத்தில் ஒரு வால்வு. அதைத் திருப்ப ஆபரேட்டர் ஷிஃப்டுக்கு இரண்டு முறை ஏணியில் ஏறுவார். இடுப்பில் பெல்ட் உண்டு. ஏணிக்காலைப் பிடிக்க இன்னொருவர். பிறகு வால்வின் தண்டைக் கீழ்வரை நீட்டி, தரையில் நின்றே திருப்பும்படி கைப்பிடி வைத்தோம். ஏணியை அங்கிருந்து எடுத்துவிட்டோம்.