நூற்றுமானம்

“குழந்தை 15-வது பெர்சென்டைலில் இருக்கிறது” என்று கேட்டதும், நூற்றுக்குப் பதினைந்து மதிப்பெண் என்று எண்ணிக் கலங்கிப்போகும் பெற்றோர் பலர். அப்படிக் கலங்கத் தேவையில்லை. நலமாக வளரும், ஒரே வயதுடைய 100 பெண் குழந்தைகளை எடைப்படி வரிசையில் நிறுத்தினால், ஏறக்குறைய 15 பேர் இந்தக் குழந்தையைவிட எடை குறைந்தவர்கள். அவ்வளவுதான் செய்தி. வரிசையில் இடம் எது என்பதைச் சொல்லும் எண் இது.

நூறு எனப் பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து பிறந்த பெர்சென்டைல் என்னும் சொல்லை 1880-களில் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் புள்ளியியல் வழக்குக்குக் கொண்டுவந்தார். தமிழில் சதமானம் என்றும் எழுதுகிறார்கள். அது சதவீதத்தோடு எளிதில் குழம்பிவிடும். வரிசையை நான்காகப் பிரிக்கும் கால்மானம், பத்தாகப் பிரிக்கும் பதின்மானம் என்னும் வரிசையில் வரும் நூற்றுமானமே எனக்குச் சரியாகப் படுகிறது.

குழப்பம் எங்கே வருகிறது என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சித் தரத்தில், இரண்டு வயதுப் பெண் குழந்தையின் இடைநிலை எடை, அதாவது வரிசையின் நட்ட நடுவில் நிற்பவளின் எடை, 11.5 கிலோ. 10.1 கிலோ உள்ளவள் அதில் 88 சதவீதம் இருக்கிறாள். ஆனால் அவளுடைய நூற்றுமானம் 15. இரண்டும் ஒரே குழந்தையைப் பற்றிய உண்மைகள்.

நூற்றுமானத்துக்கு ஒரு குறையும் உண்டு. இதே இரண்டு வயதில் 8.8 கிலோ குழந்தையும் 7.6 கிலோ குழந்தையும் ‘மூன்றாம் நூற்றுமானத்துக்குக் கீழே’ என்ற ஒரே கூட்டில் அடைபட்டுவிடுவார்கள். உடனடிக் கவனம் வேண்டிய குழந்தையை அது பிரித்துக் காட்டாது. அங்கேதான் இசட் ஸ்கோர் கைகொடுக்கிறது: இடைநிலையிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் (அளவுகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் அலகு) தள்ளி நிற்கிறது என்ற கணக்கு. இதே வயதில் 9.0 கிலோ −2, 8.1 கிலோ −3. முதல் குழந்தை இவ்விரண்டுக்கும் நடுவில். அடுத்தவள் −3-க்கும் கீழே. இதைத் ‘திட்ட மதிப்பெண்’ என்று பெயர்த்தால் தேர்வு நினைவே திரும்ப வரும். ‘திட்டவிலக்க எண்’ என்பது தெளிவு.

எந்த அளவுக்கான எண் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். உயரத்துக்கேற்ற எடை −2-க்குக் கீழே போனால் மெலிவு, −3-க்குக் கீழே கடும் மெலிவு. வயதுக்கேற்ற உயரம் −2-க்குக் கீழே இருந்தால் வளர்ச்சிக் குன்றல். அது நெடுநாள் பற்றாக்குறையின் தடம். வயதுக்கேற்ற எடை மட்டும் தெரிந்தால் இவ்விரண்டில் எது என்று பிரித்தறிய முடியாது.