எஞ்சினை மாற்றும் முன் கியர்பாக்ஸைத் திறந்து பாருங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மண்டபம், பாம்பன் பக்கத்து மீன் வண்டிகள் பெரிய வேலைக்குப் பட்டறை ஏறுவது அப்போதுதான். பழைய பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சின் ஏற்ற நினைப்பவர்கள் பலரும் எஞ்சினை வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். "கியர்பாக்ஸ் காயலான் கடையில ஏதாவது பார்த்துப் போட்டுருங்கண்ணே" என்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். லோடோடு நடுவழியில் பல் உடைந்தால் வண்டியோடு சேர்ந்து மீனும் போய்விடும்.

குதிரைத்திறனை வைத்து பாக்ஸ் தாங்குமா என்று பார்ப்பதில்தான் தப்பு தொடங்குகிறது. பாக்ஸுக்குள் போய் பற்களை அழுத்துவது டார்க், நாம் இழுவை என்கிறோமே அது. நிமிடத்துக்கு 6000 சுற்றில் 100 குதிரைத்திறன் காட்டும் பெட்ரோல் எஞ்சின் அந்த வேகத்தில் தருவது சுமார் 119 நியூட்டன் மீட்டர். 2500 சுற்றில் 60 குதிரைத்திறன் காட்டும் டீசல் எஞ்சினோ 171 தரும். ஆகவே புது எஞ்சினின் அதிகபட்ச டார்க்கைத் தெரிந்துகொண்டு, அதே அளவோ அதற்கு மேலோ டார்க் உள்ள எஞ்சினோடு கம்பெனியிலேயே பொருத்தி வந்த பாக்ஸைத் தேடுங்கள். நம் பக்கம் கூடுதலாகவே இருக்கட்டும். மணலில் வெறுமனே சுற்றும் சக்கரம் சட்டென்று கெட்டித் தரையைப் பிடிக்கும்போது பற்களில் விழும் அடி எஞ்சினின் கணக்கையே தாண்டிவிடும்.

பாக்ஸ் கிடைத்ததும், பணம் கொடுப்பதற்கு முன் ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடியுங்கள். மஞ்சளாகப் பித்தளைத் துகள் லேசாக மினுக்கினால் பயமில்லை, கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ ரிங்கின் தேய்மானம் அது. காந்தத்தில் ஒட்டும் இரும்புச் சில்லு வந்தால் பல்லோ பேரிங்கோ போய்விட்டது. ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கடற்கரை வண்டியில் அது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். சூடான பாக்ஸ் அலை நனைக்கும் இடத்தில் நின்று குளிரும்போது பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் பேரிங் குண்டுகளில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். அப்படிப்பட்ட பாக்ஸ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் தொடுவதில்லை. அலுமினியக் கூட்டில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் போல்ட்டைக் கழற்றும்போது மரையும் கூடவே வந்துவிடும், அதையும் கவனியுங்கள்.

மேல்மூடியைத் திறக்க விடாத கடைக்காரரிடம் வாங்கவே வேண்டாம். ஒவ்வொரு கியராகப் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். கியர் பிடிக்கும் சிறு பற்களின் முனை மழுங்கியிருந்தால் ஓடும்போது கியர் நழுவும். எஞ்சின் சுழற்சியைப் பாக்ஸுக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்ட் பக்கவாட்டில் லேசாக ஆடுவது சரி, முனையைத் தாங்கப் பைலட் பேரிங் எஞ்சின் பக்கம் இருக்கிறது. முன்னும் பின்னும் தாராளமாக ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது.

பொருத்தம் தனி விஷயம். கிளட்ச் பிளேட்டின் ஸ்பிளைன் (ஷாஃப்டில் கோக்கும் பல்வரிகள்), பைலட் பேரிங் அளவு, பெல் ஹவுசிங்கின் (கிளட்ச்சை மூடும் கூடு) ஆழம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். எஞ்சினையும் பாக்ஸையும் இணைக்க அடாப்டர் பிளேட் அடித்தால் மையம் விலகாமல் டயல் கேஜ் என்ற அளவுமானி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மையம் விலகினால் நல்ல பாக்ஸின் பேரிங்கும் சீக்கிரமே சத்தம் போடும். பெட்ரோலுக்கு இருந்த கிரவுனையே (அச்சில் உள்ள பெரிய பல்சக்கரம்) விட்டால் டீசல் வண்டி வேகம் எடுக்காமல் கத்தும், ஐந்தாவது கியர் உள்ள பாக்ஸ் அங்கே உதவும்.

எஞ்சினை மாற்ற ஆர்டிஓ-விடம் முன்னதாகவே அனுமதி வாங்கி, ஆர்சி-யில் புது எஞ்சின் எண்ணையும் எரிபொருளையும் ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் சிக்கலாகும்.

பித்தளை ரிங் உள்ள பாக்ஸுக்கு, கம்பெனி வேறு சொல்லாதவரை, ஜிஎல்-4 தரக் கியர் ஆயில் ஊற்றுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அதே வெள்ளைத் தட்டில் ஒருமுறை வடித்துப் பார்த்துவிட்டுப் புது ஆயில் விடுங்கள்.