கொக்கியை மாட்டிவிட்டு மரத்தில் ஏறுங்கள்

அக்டோபர் 1 அன்று மிச்சிகனில் வில்வேட்டை சீசன் தொடங்குகிறது; முதல் கட்டம் நவம்பர் 14 வரை ஓடும். அந்த ஆறு வாரமும் எங்கள் எமர்ஜென்சியில் "மரத்திலிருந்து விழுந்துவிட்டார்" என்பது பழகிப்போன வாசகம். மான் முட்டி வந்தவரை நான் பார்த்ததே இல்லை. அம்பு குத்தி வருகிறவர்கள் எப்போதாவது. மற்றவர்கள் எல்லாம் மானுக்காகக் காத்திருக்க மரத்தில் கட்டும் பரணிலிருந்து விழுந்தவர்கள்தான். வருடா வருடம் நடப்பதுதான். ஆனால் இந்த முறை "எங்கே வலிக்குது?" என்று தமிழிலேயே கேட்கும்படி ஒருவர் வந்து சேர்ந்தார். அத்தோடு என் பொறுமை போய்விட்டது.

அவரைப் பற்றி அடையாளம் தெரியாத அளவுக்குத்தான் சொல்ல முடியும். ஐடி வேலை, கோடை முழுக்க இலக்குப் பலகையில் அம்பு விட்டுப் பழகியிருக்கிறார், 20 கஜத்தில் நன்றாகவே விடுவாராம். வெள்ளைவால் மான் வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்து, அரசு நிலத்தில் நல்ல மரமாகப் பார்த்து, 18 அடி உயரத்தில் பரணைக் கட்டியிருக்கிறார். விடியும் முன் ஏறும்போது கடைசிப் படியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றிய இடத்தில் வழுக்கிவிட்டது. இரண்டு குதிகாலும் உடைந்திருந்தன. உயரத்திலிருந்து விழுந்தவருக்குக் குதிகால் உடைந்திருந்தால் நாங்கள் கேட்காமலே முதுகை ஸ்கேன் எடுப்போம். எடுத்தோம். இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு நொறுங்கியிருந்தது.

இன்சூரன்ஸ் அட்டைக்காக அவர் மனைவி காரிலிருந்த பையைக் கொண்டுவந்து கவிழ்த்தார். உள்ளே முழு உடல் ஹார்னெஸ், அதாவது உடம்பைச் சுற்றிக் கட்டி மரத்தோடு கொக்கி மாட்டிக்கொள்ளும் பட்டைகள். பரணோடு பெட்டியில் வந்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை, மடித்த விளக்கக் கையேடு அப்படியே இருந்தது. கேட்டேன். "பதினெட்டு அடிதானே டாக்டர், அடுத்த தடவை போட்டுக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

"பதினெட்டு அடிதானே" என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அந்த உயரத்திலிருந்து தரைக்கு வர ஒரு நொடி ஆகும். தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர் வேகம். "வழுக்கினால் கிளையைப் பிடித்துக்கொள்வேன்" என்று சொல்பவர்கள் அந்த ஒரு நொடியில் எதைப் பிடிப்பார்கள் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. அதுவும் கனத்த கையுறையோடு, இருட்டில்.

ஹார்னெஸ் போட்டும் விழுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் என்னை அதிகம் எரிச்சலூட்டுகிறார்கள். "மேலே உட்கார்ந்ததும் கட்டிக்கொள்வேன்" என்பது அவர்கள் கணக்கு. உட்கார்ந்திருப்பவர் விழுவது குறைவு. பெரும்பாலும் தூங்கிப்போனவர்தான் விழுவார். மற்றவர்கள் விழுவது ஏறும்போது, இறங்கும்போது, படியிலிருந்து பரணுக்கு மாறும்போது. மூன்று மணி நேரம் குளிரில் உட்கார்ந்து கால் மரத்துப்போன பிறகு, இருட்டில் முதல் படியைக் காலால் துழாவும்போது. பரணைக் கட்டிக்கொண்டிருக்கும்போதும்தான். இந்த நேரங்களில் கொக்கி எங்கும் மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு பைக் ஓட்டுகிறவர். அவ்வளவுதான்.

இதற்கு வழி எளிது, விலையும் அதிகமில்லை. லைஃப்லைன் என்று ஒரு கயிறு விற்கிறார்கள். மரத்தின் அடியிலிருந்து பரணுக்கு மேலே, உங்கள் தலைக்கும் மேலே வரை அதைக் கட்டிவிட வேண்டும். அதில் புருசிக் முடிச்சு ஒன்று இருக்கும்; கையால் தள்ளினால் நகரும், எடை விழுந்தால் இறுகும். தரையில் நிற்கும்போதே ஹார்னெஸின் கொக்கியை அந்த முடிச்சில் மாட்டுங்கள். ஏற ஏற முடிச்சையும் மேலே தள்ளுங்கள். திரும்பத் தரையில் கால் ஊன்றிய பிறகுதான் கொக்கியைக் கழற்ற வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது கயிற்றில் தொய்வு இருக்கவே கூடாது. முதன்முதலாகப் பரணைக் கட்டும் நாளில் லைஃப்லைன் இருக்காது இல்லையா, அன்று மரத்தைச் சுற்றிப் போடும் லைன்மேன் பெல்ட் வேண்டும்.

இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட்டைத் தூக்கி எறியுங்கள். யாருக்கும் தானம்கூடச் செய்யாதீர்கள். அதில் தொங்கினால் மூச்சு விட முடியாது.

ஹார்னெஸ் தாங்கிப் பிடித்துவிட்டால் அத்தோடு முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். அசையாமல் தொங்கினால் ரத்தம் காலிலேயே தேங்கிப் போகும், சில நிமிடங்களிலேயே மயக்கம் வரும். காலை மிதித்து நிற்க ஒரு பட்டை கூடவே வரும்; அதைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரைப் பக்கத்தில் நிறுத்தி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தொங்கிப் பாருங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

அரசு நிலத்துக்கென்றே ஒரு தலைவலி உண்டு. வாட்டர்லூ, பிங்க்னி மாதிரியான இடங்களில் நடக்கும்போது யாரோ மாட்டிவிட்டுப் போன பரண் கண்ணில் படும். ஏறிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். ஏறாதீர்கள். அதை மரத்தோடு கட்டியிருக்கும் பட்டை எத்தனை வெயில் தின்றது, அணில் எங்கே கடித்தது என்று உங்களுக்குத் தெரியாது. மரம் பருத்துப் பட்டையை இறுக்கியிருக்கும். ஒரு நாள் உங்கள் எடையில் அறுந்துபோகும். சொந்தப் பரணானாலும் பட்டைகளை வருடா வருடம் பாருங்கள், நைந்திருந்தால் மாற்றுங்கள். அப்புறம், அரசு நிலத்தில் மரப்பட்டையைத் துளைக்கும் ஆணியோ திருகுப் படியோ கூடாது, பரணில் உங்கள் பெயர் விவரம் இருக்க வேண்டும். இதெல்லாம் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள். 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு அந்தச் சான்றிதழ் இங்கே கட்டாயம். ஆன்லைனில் வேகமாகத் தட்டி முடிக்காமல் கொஞ்சம் படித்தும் பாருங்கள்.

புதிதாக ஆரம்பிப்பவருக்கு என் உண்மையான யோசனை வேறு: முதல் வருடம் மரமே ஏறாதீர்கள். விழுந்த மரத்துக்குப் பின்னால், காற்று உங்கள் பக்கம் வீசும்படி ஒரு சிறு ஸ்டூலில் உட்காருங்கள். மான் உங்களைக் கண்டுபிடித்துவிடும், பல நாள் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். குதிகால் இரண்டும் முழுசாக இருக்கும்.

வில்லையும் அம்பையும் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாதீர்கள். மேலே போய்க் கயிறு விட்டுத் தூக்குங்கள். முனைகளுக்கு மூடி போட்ட அம்புக்கூடு அவசியம், அந்த முனைகள் சவரப் பிளேடுதான். கிராஸ்போ (துப்பாக்கி மாதிரி விசையை அழுத்தி விடும் வில்) வைத்திருப்பவர்கள் கட்டைவிரலை நாண் ஓடும் பாதைக்குக் கீழேயே வையுங்கள். பாதி விரலைப் பையில் போட்டுக் கொண்டுவந்தால் ஒவ்வொரு தடவையும் ஒட்டவைக்க முடியும் என்று சொல்ல முடியாது. மான் அடிபட்டு ஓடினால் உடனே பின்னால் ஓடாதீர்கள். அரை மணி நேரமாவது காத்திருந்து, அம்பை அம்புக்கூட்டில் வைத்துவிட்டு நிதானமாகத் தேடுங்கள். நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கி சீசன், அப்போது வில்லோடு போனாலும் ஆரஞ்சு உடை வேண்டும்.

உண்ணி குளிர்காலம் வந்தால் போய்விடும் என்பதும் தப்பு. லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி அக்டோபர், நவம்பரிலும் ஊர்ந்துகொண்டிருக்கும். வீட்டுக்கு வந்ததும் குளித்து, முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி எல்லாம் பாருங்கள். இறைச்சியைப் பொறுத்தவரை, மிச்சிகன் காட்டு மான்களில் 2015 முதல் சிடபிள்யூடி என்ற மூளை நோய் இருக்கிறது. மனிதருக்குப் பரவியதாக உறுதியாகவில்லை. இருந்தாலும் அந்த நோய் உள்ள பகுதிகளில் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுச் சமையுங்கள்.

தயவுசெய்து இதையாவது செய்யுங்கள்: எந்தப் பார்க்கிங்கில் கார், எந்தத் திசையில் மரம், எத்தனை மணிக்குள் போன் வரும் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அலைபேசி கீழே இருக்கும் பையில் வேண்டாம், உடம்போடு இருக்கட்டும். காட்டில் விழுந்து கிடக்கும் யாரையாவது பார்த்தால் தூக்கி உட்காரவைக்காதீர்கள், நடக்கச் சொல்லாதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். 911-ஐக் கூப்பிட்டு இடத்தைச் சொல்லுங்கள். மேலே ஒரு ஜாக்கெட் போர்த்திவிடுங்கள். எத்தனை டாலர் ஜாக்கெட்டானாலும் இங்கே வந்ததும் நாங்கள் கத்தரியால் வெட்டித்தான் எடுப்போம், அதற்கு அப்போது சண்டைக்கு வராதீர்கள்.