வளர்கூம்பு: சொல் விளக்கம்

நரம்பணுவிலிருந்து புறப்பட்டு நீளும் ஆக்சான் என்னும் நரம்பிழையின் நுனியில், வழி தேடி முன்னேறும் அகன்ற பகுதியே வளர்கூம்பு. ஆங்கிலவழிப் பாடங்களில் குரோத் கோன் என வழங்கும் இதற்குப் பெயர் முதலில் ஸ்பானிய மொழியில் அமைந்தது. 1890-இல் ஸ்பானிய நரம்பியல் அறிஞர் சான்டியாகோ ரமோன் இ காஹால், கோழிக்கருவின் தண்டுவடச் சீவல்களை வெள்ளி உப்பால் கறுப்பாக்கிப் பார்த்தபோது, இழை நுனிகளில் தெரிந்த புடைப்பைக் 'கோனோ தெ கிரெசிமியெந்தோ' என்றார்.

அவர் பார்த்தது உயிரற்ற திசு. ஆகவே, நரம்பிழை ஒற்றை உயிரணுவிலிருந்தே வளர்கிறதா, பல உயிரணுக்கள் சங்கிலியாகச் சேர்ந்து அதை ஆக்குகின்றனவா என்ற வழக்கு ஓயவில்லை. அதைத் தீர்க்க வழிவகுத்தது தவளை. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உயிரியலாளர் ராஸ் ஹாரிசன், நரம்பிழைகள் இன்னும் தோன்றாத தவளைக் கருவில் பின்னர் மூளையும் தண்டுவடமும் ஆகும் நரம்புக்குழாயிலிருந்து ஒரு துணுக்கை வெட்டியெடுத்து, முதிர்ந்த தவளையின் நிணநீர்த் துளியில் இட்டு, அது உறைந்ததும் கண்ணாடி வில்லையைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, நுண்ணோக்கியில் தொடர்ந்து கவனித்தார். அணுவிலிருந்து இழை நீண்டது. அதன் நுனி ஓயாமல் அசைந்தது. 1907-இல் இதை அவர் வெளியிட்டார். திசு வளர்ப்பு முறைக்கும் அதுவே தொடக்கமாகக் கருதப்படுகிறது.

தவளை இதற்குப் பொருந்தியது தற்செயலன்று. அதன் கருவிலுள்ள உயிரணு ஒவ்வொன்றும் தனக்கான மஞ்சட்கருவைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால், புறத்தே ஊட்டம் குறைந்தாலும் சில நாள் தாங்கும். அறை வெப்பமே போதும் என்பதால் சூடேற்றும் பெட்டியும் வேண்டியதில்லை. இன்றைய ஆய்வகங்களில் அவ்விடத்தை ஆப்பிரிக்க நகத்தவளையான செனோபஸ் லேவிஸ் பெற்றுள்ளது. 1987-இல் வெளியான ஓர் ஆய்வில், செனோபஸ் கருவின் விழித்திரை ஆக்சான்களை அணுவுடலிலிருந்து துண்டித்த பின்பும், அவற்றின் வளர்கூம்புகள் சிறிது நேரம் மூளையை நோக்கிச் சரியான பாதையிலேயே சென்றன. வழியறியும் கருவி நுனியிலேயே இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று அரிது.

'வளர்ச்சிக் கூம்பு' என எழுதுவோரும் உண்டு. அது பிழையன்று, எனினும் வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என முக்காலமும் அடங்கிய வினைத்தொகையான 'வளர்கூம்பு', வளர்பிறையைப் போலக் குறுகியும் பொருள் நிறைந்தும் நிற்கிறது. உண்மையில் உயிருள்ள நுனி கூம்பாகவும் இல்லை. விரல் விரித்த கையைப் போன்றது. அவ்விரல்களான ஃபிலோபோடியாவை, இழை என்னும் லத்தீன் வேரையும் கால் என்னும் கிரேக்க வேரையும் ஒட்டி, 'இழைக்கால்' எனலாம்.