பெக்கோ வருவதற்கு முன்பே மரத்தைப் பற்றிப் பேசுங்கள்

மட்டக்களப்பு நகருக்குள் ஒரு வீதியில் புது நடைபாதை போடப்போகிறார்கள் என்றால், அங்கே நிற்கும் வேம்புக்கும் நிழல்வாகைக்கும் கெட்ட காலம் தொடங்குகிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். மரத்தை யாரும் வெட்டுவதில்லை. அதை விட்டுவிட்டுத்தான் வேலை செய்கிறார்கள். சுற்றிவரக் கேர்ப் கல் வைத்து, இன்டர்லொக் கல் பதித்து முடித்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். மூன்று, நான்கு வருடத்தில் உச்சிக் கிளைகள் காயத் தொடங்கும். மரத்துக்கு ஏதோ நோய் என்பார்கள். நடைபாதை வேலை அப்போது யாருக்கும் ஞாபகம் வராது.

வீதி வேலைகளை மேற்பார்வை செய்கிறவன் என்ற முறையில் எனக்குள்ள பெரிய முறைப்பாடு, வரைபடத்தில் மரம் இருப்பதில்லை என்பதுதான். மின்கம்பம் இருக்கும், தண்ணீர்க் குழாய் இருக்கும், மழைநீர் ஓடும் கான் இருக்கும். மரம் இருந்தாலும் அடிமரத்தின் அளவுக்கு ஒரு சின்ன வட்டம். அந்த வட்டத்தைத் தொடாமல் வேலையை முடித்துவிட்டால் கொந்தராத்துக்காரர் பக்கம் எல்லாம் சரி.

வேர் அந்த வட்டத்துக்குள் இல்லை. பெரும்பாலான வேர்கள் மேல் மண்ணில், ஏறத்தாழ 60 சென்ரிமீற்றருக்குள்ளேயே பக்கவாட்டில் ஓடுகின்றன. தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் அதிலும் மேலே. வாவியை ஒட்டிய இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். காற்றில்லாத அந்த ஈரத்துக்குள் பெரும்பாலான மரங்கள் வேர் விடுவதில்லை. ஆகவே நடைபாதைக்கு நாம் தோண்டும் ஆழம்தான் மரம் பிழைக்கும் ஆழமும்.

எவ்வளவு இடத்தைக் காக்க வேண்டும் என்று அறிய அளவு நாடா ஒன்று போதும். நெஞ்சு உயரத்தில் மரத்தின் சுற்றளவை எடுத்து நான்கால் பெருக்குங்கள். 1.5 மீற்றர் என்றால் 6 மீற்றர். அடிமரத்திலிருந்து அவ்வளவு தூரம் காக்க வேண்டிய இடம். நகரத்துக்குள் 6 மீற்றர் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். கிடைக்காதுதான். ஆனாலும் எவ்வளவை இழக்கிறோம் என்று தெரிந்து தோண்டுவது வேறு, தெரியாமல் தோண்டுவது வேறு. விட்டுக்கொடுக்கவே கூடாத எல்லை அந்தச் சுற்றளவுதான்: 1.5 மீற்றர் சுற்றளவுள்ள மரத்துக்கு 1.5 மீற்றருக்குள் மண் தோண்டும் இயந்திரமான பெக்கோவின் வாளி போகக் கூடாது. அங்கே இருப்பவை மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் வேர்கள்.

இனி, நான் அதிகம் பயப்படும் விஷயம்: காலம். ஒதுக்கீடு வந்து, கேள்விப்பத்திரம் கோரி, ஒப்பந்தம் எழுதி முடிக்கப் பாதி வருடம் போய்விடும். வேலை சூடுபிடிப்பது புரட்டாதி, ஐப்பசியில். டிசம்பர் 31க்குள் பில் போக வேண்டுமே. அதே நேரத்தில்தான் மாரி மழையும் தொடங்குகிறது. மணல் மண் ஊறிப் பிடிமானம் இழந்து கிடக்கும். வீதியோரமாகக் கான் வெட்டும்போது மரத்தின் ஒரு பக்க வேர் முழுதும் போய்விடும். ஒரு பக்கக் கயிற்றை அறுத்துவிட்ட பந்தல் மாதிரித்தான் பிறகு அது நிற்கும். வேர் போன பக்கத்திலிருந்து காற்று அடித்தால் இழுத்துப் பிடிக்க ஒன்றுமில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்களுக்குக் கார்த்திகைக் காற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் வேர் அறுந்த மரம் விழச் சூறாவளி வர வேண்டும் என்றில்லை. கீழே ஓட்டோ நிற்கும், மேலே மின்கம்பி போகும். அறிக்கையில் மட்டும் 'காற்றில் விழுந்தது' என்று இருக்கும்.

வேரை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மாரி முடிந்த கையோடு, மாசியில் வெட்டுங்கள். அடுத்த மாரிக்குள் கொஞ்சமாவது புது வேர் விடும். இடையில் கச்சான் காற்றுக் காலத்தில் பவுசரில் தண்ணீர் விட வேண்டும். அதற்குப் பி.ஓ.கியூவில், அதாவது வேலைகளின் அளவும் விலையும் எழுதும் பட்டியலில், ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொந்தராத்துக்காரரைத் திட்டிப் பயனில்லை, அவர் தன் கைக்காசில் ஊற்றப்போவதில்லை.

வெட்டும் முறையும் முக்கியம். பெக்கோ வேரை வெட்டுவதில்லை, பிடித்து இழுத்துக் கிழிக்கிறது. கிழிசல் அடிமரம் வரை போகும், பிறகு அழுகல் அதன் வழியே ஏறும். மரத்தடியில் ஆளை வைத்து மண்வெட்டியால் தோண்டுங்கள். மணல் மண்ணில் இது பெரிய பாடில்லை. மெல்லிய வேரை வாளால் நேராக அறுத்துவிடலாம். 5 சென்ரிமீற்றருக்கு மேல் தடித்த வேரை விட்டுவிட்டுக் குழாயை அதன் கீழால் நுழையுங்கள். கானை அப்படி நுழைக்க முடியாது. மட்டமான ஊரில் சில சென்ரிமீற்றர் சரிவை வைத்துத்தான் தண்ணீரை ஓட்டுகிறோம். அங்கே கானின் கோட்டைத்தான் நகர்த்த வேண்டும், அதை வரைபடத்திலேயே செய்ய வேண்டும். வெளியே தெரியும் வேரை ஈரச் சாக்கால் மூடி வையுங்கள்.

கொங்கிறீற் குழைப்பது எப்போதும் மர நிழலில்தான். வெயிலில் நின்று குழையுங்கள் என்று யாருக்குச் சொல்ல முடியும்? ஒரு தறப்பாள் கட்டிக் கொடுத்து வேறு இடத்தில் குழைக்க விடுங்கள். சீமெந்து கழுவிய தண்ணீர் காரமானது, வேருக்கு ஆகாது.

அடிமரத்தில் பொந்து விழுந்த மரம், அடியில் காளான் முளைத்த மரம், முன்பே ஒரு பக்கம் வேர் இழந்த மரம் ஆகியவற்றை எடுத்துவிடுவதுதான் நல்லது. அந்த இடத்தில் மறுபடியும் நிழல்வாகை வைக்காமல் பூவரசோ புங்கையோ வைக்கலாம்.

கடைக்காரர்களுக்கும் ஒன்று. ஏ4, ஏ15 போன்ற பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் வருகின்றன, நகரின் உள் வீதிகள் பெரும்பாலும் மாநகர சபையின் கீழ். வேலைக்கான பெயர்ப் பலகை நட்ட அன்றே போய் ரி.ஓ. எனும் தொழில்நுட்ப உத்தியோகத்தரைப் பிடித்து, 'இந்த மரத்துக்கு வரைபடத்தில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். பெக்கோ ஓட்டுபவரிடம் கேட்டுப் பயனில்லை.