எண்ணெயைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லும் விளக்கு

“ஆயில் மாற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் ‘ஆயில் மாற்றவும்’ என்று கார் மறுபடி எச்சரிக்கிறது. சென்சாரே சொல்கிறதென்றால், மெக்கானிக் பழைய எண்ணெயை அப்படியே விட்டுவிட்டார் என்றுதானே பொருள்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

சண்டைக்குக் கிளம்புமுன் ஒன்றைக் கவனியுங்கள். எரிவது எண்ணெய்க் குடுவை வடிவச் சிவப்பு விளக்கு என்றால் இந்தக் கட்டுரையைப் பிறகு படிக்கலாம். எண்ணெயின் அழுத்தம் விழுந்துவிட்டது, ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணையுங்கள். ‘மாற்றவும்’ என்ற நினைவூட்டல் மட்டும்தான் என்றால் பதற்றம் வேண்டாம்.

ஏனென்றால், பெரும்பாலான கார்களில் எண்ணெயின் தரத்தைப் பார்க்கும் சென்சாரே கிடையாது. விலை உயர்ந்த சில கார்களில் எண்ணெயின் மின் பண்பை அளக்கும் கருவி உண்டு. எளிய கார்கள் கிலோமீட்டரையும் நாளையும் எண்ணுவதோடு சரி. இவற்றுக்கு இடைப்பட்ட ஒரு முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

1980களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஷெர்லி ஷ்வார்ட்ஸ் என்ற வேதியியலாளரும் டொனால்ட் ஸ்மொலென்ஸ்கியும் எண்ணெயின் உழைப்பைத் தூரத்தால் அளக்காமல் எஞ்சினின் சுழற்சிகளால் அளந்தார்கள். நிமிடத்துக்கு 2,000 சுற்று வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 1,20,000 சுழற்சிகள். ஒவ்வொன்றுக்கும் எண்ணெயின் ஆயுளில் துளி கழியும். எண்ணெய் இதமான சூட்டில் இருந்தால் கழிவு குறைவு. அளவுமீறிச் சூடானாலோ, சூடேறாமலே இருந்தாலோ அபராதம் கூடும்.

சூட்டுக்கு அபராதம் நியாயம்தான்; சூட்டில் எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுகிறது. வடைச் சட்டியில் காய்ந்து காய்ந்து எண்ணெய் கறுத்துக் கெட்டியாவதும் இதே ஆக்சிஜனேற்றம்தான். குளிர்ச்சிக்கு ஏன்? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது! பெரும்பகுதி நீராவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெய் இருக்கும் பக்கம் கசியும். நீண்ட பயணத்தின் சூட்டில் அதுவும் ஆவியாகி வெளியேறும். தெருமுனைக் கடைவரை போய்த் திரும்பும் காரில் அது எங்கே போகும்? எண்ணெயிலேயே தங்கி, எரியாத பெட்ரோலோடும் அமிலங்களோடும் சேர்ந்துகொள்கிறது. அமிலத்தை முறிக்க எண்ணெயில் கலந்த காரப் பொருள்கள் மெல்லத் தீர்கின்றன. ஆக, சென்னைக்கும் மதுரைக்கும் ஓயாமல் ஓடும் காரைவிட, வாரம் ஒருமுறை பக்கத்துக் கோயிலுக்குப் போய்வரும் கார் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எண்ணெயை அதிகமாகக் கெடுக்கிறது. “வண்டியை எடுப்பதே இல்லை, ஆயில் எதற்கு?” என்பவர்களை எனக்குத் தெரியும். புதுக் காரின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க மறக்காதவர்களும் அவர்கள்தான்; கையேட்டை மட்டும் பிரித்திருக்க மாட்டார்கள்.

இனி வாசகரின் வழக்கு. விளக்கு பார்ப்பது எண்ணெயை அல்ல, தன் கணக்கை. புதிய எண்ணெய் ஊற்றியதும் அந்தக் கணக்கை யாராவது முதலிலிருந்து தொடங்கிவைக்க வேண்டும். பல கார்களில் அது தானாக நடக்காது. உங்கள் மெக்கானிக் இதை மறந்திருக்கலாம். ஆனால் பழைய எண்ணெயைத் தொடாமல் கணக்கை மட்டும் அழித்திருந்தாலும் கார் மகிழ்ச்சியாக நம்பியிருக்கும்! எஞ்சினில் எண்ணெயின் அளவைக் காட்டும் கம்பியை (டிப்ஸ்டிக்) உருவித் துடைத்துப் பாருங்கள். பெட்ரோல் கார் என்றால் ஒரு வாரத்தில் எண்ணெய் இன்னும் தேன் நிறத்தில்தான் இருக்க வேண்டும். டீசல் என்றால் நிறத்தை வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். புகைக்கரியை வாங்கிக்கொண்டு நல்ல எண்ணெயே சில நாளில் கறுத்துவிடும்.