ஃபிரான்சைஸ் என்ற சொல்லும் கிரீன் பே ஊரின் அணியும்

டீக்கடை, பிரியாணிக் கடை, மழலையர் பள்ளி என்று எதற்கும் இப்போது "ஃபிரான்சைஸ் எடுத்திருக்கிறார்" என்கிறோம். விளையாட்டில் இந்தச் சொல்லை நமக்குப் பழக்கிவிட்டது ஐபிஎல். அங்கே அது அணிக்கே இன்னொரு பெயர்போல ஆகிவிட்டது. ஆனால் ஃபிரான்சைஸ் என்பது அணி அல்ல. 2008 ஜனவரியில் இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலருக்குச் சென்னை ஃபிரான்சைஸை ஏலத்தில் எடுத்தபோது அதன் கையில் ஒரு வீரர்கூட இல்லை. வீரர்களுக்கான ஏலம் அடுத்த மாதம்தான் நடந்தது. அப்படியானால் அது வாங்கியது எதை? சென்னையின் பெயரில், அந்தப் போட்டித் தொடரில், ஓர் அணியை இறக்கலாம் என்ற அனுமதியை. வீரர்கள், பயிற்சியாளர், மஞ்சள் சட்டை எல்லாம் பிறகு வந்தவை.

சொல்லின் வேர் பழைய பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. 'ஃபிராங்க்' என்றால் அங்கே கட்டற்றவன், அடிமை அல்லாதவன். இன்றைய பிரான்ஸைப் பிடித்து ஆண்ட ஃபிராங்க் இனத்தாருக்குத்தான் அந்த நாட்டில் முழுச் சுதந்திரம் இருந்தது. அதனால் இனத்தின் பெயரே சுதந்திரத்துக்கும் பெயரானது. அதிலிருந்து பிறந்த 'ஃபிரான்சைஸ்' முதலில் விடுதலை, அப்புறம் வரிவிலக்கு, அப்புறம் ஓர் ஆளுக்கோ ஓர் ஊருக்கோ அரசர் தனியாகத் தரும் சலுகை என்று பொருள் மாறிக்கொண்டே வந்தது. "ஃபிராங்கா சொல்லப்போனா" என்று நாம் பேச்சில் சொல்கிறோமே, அதுவும் இதே வேர்தான்: கட்டுப்பாடில்லாமல், மனம் திறந்து.

நம் பக்கம் இந்த இனப்பெயர் வேறு வழியாக முன்பே வந்து சேர்ந்திருந்தது. அரபியிலும் பாரசீகத்திலும் ஐரோப்பியர் எல்லாரும் ஃபிராங்குகள்தான். அந்த வாய்மொழி தமிழில் 'பறங்கி' ஆனது. பறங்கிமலை, பரங்கிப்பேட்டை, இலங்கையின் பறங்கியர், சாம்பாரில் போடும் பறங்கிக்காய் எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஆக, ஃபிரான்சைஸும் பறங்கிக்காயும் தூரத்துப் பங்காளிகள்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் இரண்டு கிளையாகப் பிரிந்தது. ஒன்று, குடிமகனுக்கு உள்ள சலுகை, அதாவது வாக்குரிமை. மற்றது, ஓர் அதிகாரம் ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கும் தொழில் அனுமதி. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், தெருவில் டிராம் ஓட்டவும் விளக்குப் போடவும் நகராட்சிகள் கொடுத்த அனுமதிக்கு இதுதான் பெயர். விளையாட்டு லீக்குகள் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது பொருளைத்தான்: இன்ன ஊரில் ஆட இன்னாருக்கு மட்டும் அனுமதி.

இரண்டு கிளைகளும் ஒரே இடத்தில் சந்திக்கும் ஊர் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள கிரீன் பே. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 1 லட்சத்து 7 ஆயிரம். கையில் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், 32 அணிகள் உள்ள என்எஃப்எல் லீக்கின் மிகச் சிறிய ஊர் இது. அங்கே 'சிறிய மார்க்கெட்' என்று பேசும்போது ஊரின் பரப்பையோ கடைத்தெருவையோ சொல்வதில்லை. அணியைச் சுற்றி எத்தனை வீடுகளில் தொலைக்காட்சி பார்க்கிறார்கள் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கில் நியூயார்க்கின் முன்னால் கிரீன் பே ஒன்றுமே இல்லை. அப்படியும் அங்கிருக்கும் பேக்கர்ஸ் அணி பட்டங்களின் எண்ணிக்கையில் லீக்கில் முதலிடம்: 13.

1919-இல் கர்லி லாம்போவும் ஜார்ஜ் கால்ஹூனும் தொடங்கிய அணி இது. சட்டைக்குப் பணம் கொடுத்தது இந்தியன் பேக்கிங் என்ற இறைச்சி நிறுவனம். பேக்கர்ஸ் என்ற பெயர் அப்படி வந்தது. 1921-இல் லீக்கில் சேர்ந்தார்கள். அந்தப் பருவம் முடிந்ததும் லீக் அவர்களுடைய ஃபிரான்சைஸைப் பறித்துவிட்டது. காரணம், கல்லூரி மாணவர்களைப் பொய்ப்பெயரில் இறக்கியது. வீரர்கள் இருந்தார்கள், ஊர் இருந்தது, ரசிகர்கள் இருந்தார்கள். ஃபிரான்சைஸ் மட்டும் இல்லை. அடுத்த ஆண்டு லாம்போ போய்க் கேட்டு அதைத் திரும்ப வாங்கினார். அணி வேறு, ஃபிரான்சைஸ் வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பறிக்க முடியும் என்றால் நகர்த்தவும் முடியும். சிறிய ஊர் அணிகளின் பழைய வரலாறு பெரும்பாலும் இதுதான். இல்லினாய்ஸின் டெகேட்டர் அணி 1921-இல் சிகாகோவுக்குப் போய் அடுத்த ஆண்டு பேர்ஸ் ஆனது. ஒஹாயோவின் போர்ட்ஸ்மத் அணி 1934-இல் டெட்ராய்ட் லயன்ஸ் ஆனது. பெரிய ஊர்களும் தப்பவில்லை. 1984 மார்ச்சில் ஒரு பனி இரவில் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் சாமான்களை லாரிகளில் ஏற்றி இண்டியானாபொலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார் உரிமையாளர். அவர் செய்தது லீக் விதிப்படி தவறில்லை. உரிமம் அவர் பெயரில்தானே இருந்தது!

கிரீன் பேயில் மட்டும் லாரி வரவில்லை. ஏற்ற வேண்டிய முதலாளி அங்கே இல்லை என்பதுதான் காரணம். 1923-இல் அணி, ஊர்க்காரர்களுக்குப் பங்கு விற்று லாப நோக்கமற்ற நிறுவனமானது. ஒரு பங்கு 5 டாலர். 1931-இல் மைதான இருக்கையிலிருந்து விழுந்த ரசிகர் ஒருவர் வழக்குப் போட்டு வென்றார். காப்பீட்டு நிறுவனம் திவாலாகிப்போனதால் பாரம் அணியின் தலையில் விழுந்தது. 1935-இல் மறுபடி பங்கு விற்று மீண்டார்கள். 1950-இல் பணமுடை, மறுபடி பங்கு. 1997, 2011, 2021 விற்பனைகள் மைதானச் செலவுகளுக்காக. கடைசித் தடவை ஒரு பங்கு 300 டாலர். இன்று ஐந்து லட்சத்துக்கும் அதிகமான பங்குதாரர்கள்.

முதலீட்டுக் கண்ணோடு பார்த்தால் இவ்வளவு மோசமான பங்கு உலகத்தில் இருக்காது. ஈவுத்தொகை கிடையாது, சந்தையில் விற்க முடியாது, விலை ஏறவும் ஏறாது. அணியை விற்றால்கூடப் பணம் பங்குதாரருக்குப் போகாது. ஆரம்பத்தில் அது போர்வீரர் சங்கத்துக்கு என்று எழுதி வைத்திருந்தார்கள். 1997-இல் அதை அணியின் அறக்கட்டளைக்கு என்று மாற்றினார்கள். யாருக்கும் லாபமில்லாத விற்பனையை யார் செய்வார்கள்? பங்குதாரருக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழும், நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்க ஒரு வாக்கும்தான். அந்த வாக்கும் பழைய பொருளில் ஒரு ஃபிரான்சைஸ். இன்னொரு அணி இப்படி அமைய லீக் பின்னாளில் கதவைச் சாத்திவிட்டது. அணியின் கட்டுப்பாடு ஒரு முதன்மை உரிமையாளர் கையில் இருக்க வேண்டும் என்பது இப்போது விதி.

அணி ஊரைவிட்டுப் போகாததற்குப் பங்குகள் காரணம் என்றால், பிழைத்திருப்பதற்குக் காரணம் வேறு. 1961-இல் லீக் தலைவர் பீட் ரோசெல், எல்லா அணிகளின் தொலைக்காட்சி உரிமையையும் ஒன்றாக விற்றுச் சமமாகப் பிரிக்கலாம் என்று பெரிய ஊர் முதலாளிகளைச் சம்மதிக்க வைத்தார். ஏகபோகத் தடைச் சட்டம் குறுக்கே நின்றது. அதே ஆண்டு நாடாளுமன்றம் விலக்குச் சட்டம் இயற்ற, கென்னடி கையெழுத்திட்டார். நியூயார்க் அணிக்கு வந்த அதே தொகை கிரீன் பேக்கும் வந்தது.

இன்றும் அப்படித்தான். என்எஃப்எல்லில் ஆண்டுதோறும் கணக்கை வெளியில் காட்டும் ஒரே அணி இதுதான். மற்றவர்களின் பெட்டி பூட்டியே இருக்கும். 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில் மொத்த வரவு சுமார் 72 கோடி டாலர். அதில் லீக்கிலிருந்து வந்த சமபங்கு மட்டும் 43 கோடிக்கு மேல். நுழைவுச்சீட்டு, கடை, விளம்பரம் என்று உள்ளூரில் ஈட்டியது மீதி. இயக்க லாபம் 8 கோடி டாலருக்குச் சற்று மேல். 2025 பருவத்தில் ஓர் அணி வீரர்களின் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு ஏறக்குறைய 28 கோடி டாலர். அதாவது, மைதானத்தில் ஒரு சீட்டுக்கூட விற்காவிட்டாலும் சம்பளம் கொடுத்துவிடலாம்.

கவலை இல்லாமல் இல்லை. சொகுசு அறைகளிலிருந்தும் உள்ளூர் விளம்பரத்திலிருந்தும் வரும் பணம் பங்கிடப்படுவதில்லை. டல்லாஸ் போன்ற அணி அதில் எட்டாத தூரம் போய்விடும். 2024-இல் முதலீட்டு நிதியங்கள் ஓர் அணியில் 10 சதவீதம் வரை வாங்கலாம் என்று லீக் அனுமதித்தது; அந்தப் பணமும் கிரீன் பேக்கு வராது. அதனால்தான் 50 கோடி டாலருக்கு மேல் சேமநிதி கட்டி வைத்திருக்கிறார்கள். மைதானத்துக்கு எதிரே டைட்டில்டவுன் என்ற வளாகத்தைக் கட்டியதும் அதே யோசனைதான். லாம்போ மைதானம் நகராட்சிக்குச் சொந்தம். அதன் குத்தகை 2032 வரை.

என் கணிப்பில் உண்மையான ஆபத்து குத்தகையில் இல்லை, அந்த 1961 சட்டத்தில் இருக்கிறது. அது ஆன்டெனாவில் படம் பார்த்த காலத்துச் சட்டம். 2024 ஜூனில், லீக் தன் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களைக் கட்டணத் தொகுப்பாக விற்ற வழக்கில் லாஸ் ஏஞ்சலிஸ் ஜூரி சுமார் 470 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. ஆகஸ்டில் நீதிபதி அதைத் தள்ளிவிட்டார். ஆட்டங்களெல்லாம் ஸ்ட்ரீமிங்குக்குப் போய், கூட்டாக விற்கும் உரிமை செல்லாது என்று ஒருநாள் தீர்ப்பு வந்தால், ஒவ்வோர் அணியும் தன் ஊர்ப் பார்வையாளரை வைத்துத் தனித்தனியாக விலை பேச வேண்டிவரும். ஐந்து லட்சம் பங்குதாரர்கள் இருந்தும் கிரீன் பேயால் அதைத் தாங்க முடியாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அணி' என்று மட்டும் சொன்னால் மேலே சொன்ன கதை அத்தனையும் மறைந்துவிடும். 'உரிமையாளர்' என்று நாளிதழ்கள் எழுதுவது ஆளைக் குறிக்கிறது, பொருளை அல்ல. 'காணி' என்ற பழஞ்சொல்லை நினைத்துப் பார்த்தேன்; பரம்பரை உரிமை, பங்கு எல்லாம் அதில் உண்டு. ஆனால் காணி மண்ணோடு ஒட்டியது. ஃபிரான்சைஸ் லாரியில் ஏறும்.

'அணியுரிமம்' என்பதே என் தேர்வு. ஓட்டுநர் உரிமம் எல்லாருக்கும் தெரியும்: ஒருவர் கொடுப்பது, நிபந்தனை உள்ளது, ரத்தாகக்கூடியது. கடைக்கு வரும்போது 'கிளையுரிமம்'. தேர்தல் பொருளில் 'வாக்குரிமை' ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதைத் தொட வேண்டாம். "கோல்ட்ஸ் அணியுரிமம் இண்டியானாபொலிஸுக்கு மாறியது", "லீக் அணியுரிமத்தைப் பறித்தது" என்று எழுதிப் பாருங்கள், நடந்தது என்ன என்று உடனே விளங்கும்.

குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரர். 'ஃபிரான்சைஸ் குவார்ட்டர்பேக்' என்பதை நேராகப் பெயர்க்கக் கூடாது. 'அணியின் தூண்' போதும். கொஞ்சம் சிக்கலானது 1993-இல் வந்த 'ஃபிரான்சைஸ் டேக்'. ஒப்பந்தம் முடிந்து வேறு அணிக்குப் போகத் தயாராக இருக்கும் வீரர் ஒருவரை, அவரிடத்தில் ஆடுபவர்களில் அதிகம் வாங்குவோரின் சராசரிச் சம்பளத்தைக் கொடுத்து இன்னும் ஓராண்டு பிடித்துவைக்கும் விதி அது. சுதந்திரம் என்று பிறந்த சொல், போகவிடாமல் பிடிப்பதற்குப் பெயராகிவிட்டது. அதற்கு 'தக்கவைப்பு முத்திரை' என்று எழுதலாம்.